குளியலறை நிலைக்கு வெண்காரமா, செம்பா?

எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவின் மர நிலைக்காலின் அடியில் பெயிண்ட் நன்றாகத்தான் இருந்தது. ஸ்க்ரூடிரைவரால் லேசாகக் குத்தினேன், இரண்டு அங்குலம் உள்ளே போய்விட்டது. உரித்தால் மரம் பழுப்பாக, சின்னச் சின்னக் கட்டங்களாக வெடித்து, விரலில் நசுக்கினாலே பொடியானது. மண்பாதை எதுவும் இல்லை, அதனால் கரையான் இல்லை. பூஞ்சை.

மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சையால் அதை மக்க வைக்க முடியாது. அதனால் மக்காமல் காக்க எந்த மருந்து பூசுவது என்பதைவிட அந்த மரம் எங்கே நிற்கிறது, எவ்வளவு நனைகிறது என்பதுதான் முதல் கேள்வி.

பலரும் சொல்வது பழைய இன்ஜின் ஆயில். தயவுசெய்து வேண்டாம். அது தண்ணீரைக் கொஞ்சம் தடுக்கும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் பூஞ்சையை ஒன்றும் செய்யாது, மேலே பெயிண்டும் ஒட்டாது, புற்றுநோய் வரவழைக்கும் பொருட்களைக் குழந்தைகள் கை வைக்கும் உயரத்தில் பூசி வைத்தது போலாகும். முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் அதைவிட எவ்வளவோ மேல், ஆனால் கையில் பட்டால் தோல் வெந்துபோகும், தூரிகையில் பூசினால் ஆழமாக இறங்காது.

அடுத்தது செம்பும் குரோமியமும் ஆர்சனிக்கும் சேர்ந்த சிசிஏ (CCA) என்ற மர மருந்து. இது நம் நாட்டில் பிறந்தது, 1933இல் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் சோன்டி காமேசன் கண்டுபிடித்தது. மண்ணில் நட்ட கம்பத்தைப் பல பத்தாண்டுகள் காக்கும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஆர்சனிக் இருக்கிறதே! அமெரிக்காவில் 2003 முடிவோடு வீட்டு உபயோகத்துக்கான பெரும்பாலான மரங்களில் இதை நிறுத்திவிட்டார்கள். அந்த மரத்துண்டை யாராவது தெரியாமல் அடுப்பில் வைத்தால் புகையிலும் சாம்பலிலும் விஷம்.

ஆர்சனிக் இல்லாத செம்பு மருந்துகளும் உண்டு. செம்புக்கு அசராத பூஞ்சைகள் சில இருப்பதால் அதோடு இன்னொரு பூஞ்சைக்கொல்லியைச் சேர்க்கிறார்கள். வேலிக்கால், தோட்டத்துப் படி, மழையில் நனையும் தூண் எல்லாவற்றுக்கும் என் ஓட்டு இதற்குத்தான். ஒன்று மட்டும் கவனம்: சாதாரண இரும்பு ஆணியை இது சீக்கிரம் அரித்துவிடும், நல்ல துத்தநாகப் பூச்சு போட்டதோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ வாங்குங்கள்.

வீட்டுக்குள் என்றால் வெண்காரமும் (போராக்ஸ்) போரிக் அமிலமும்தான். மூன்றுக்கு இரண்டு பங்கு எடை, வெந்நீரில் கரைத்துப் பூசினால் போதும், நிறம் மாறாது, வாடை இல்லை. இதன் அழகு என்னவென்றால் மரத்தின் ஈரத்தையே வழியாகப் பிடித்துக்கொண்டு உள்ளே பரவும், அதனால் பச்சை மரத்தில்கூட ஆழமாக இறங்கும். குறையும் அதே இடத்தில்தான் இருக்கிறது: மரத்தோடு பிணையாது, தொடர்ந்து நனைந்தால் வந்த வழியே கரைந்து போய்விடும். விஷம் குறைவு என்றாலும் கரைசலைக் குழந்தைகள் எட்டாத இடத்தில் வையுங்கள், செடி வேரில் கொட்டாதீர்கள்.

சரி, குளியலறை நிலை? ஆசாரி கெட்ட பகுதியைத் தாண்டி நல்ல மரம் வரும்வரை அறுத்து ஒட்டுப் போட்டார். ஒட்டுத் துண்டின் அடிமுனை தாகமாக உறிஞ்சும் என்பதால் கரைசலில் ஒரு நாள் ஊற வைத்தோம், காய்ந்தபின் நாலு பக்கமும் பெயிண்ட். அடியில் மரம் தரையைத் தொடாதபடி ஒரு கருங்கல் துண்டு. பழைய வீடுகளில் திண்ணைத் தூணைக் கல்லின் மேல் நிறுத்தியிருப்பார்களே, அதே வேலைதான்.