அரிக்கேன் விளக்கு: நெடுநாள் பழக்கத்தில் தெரிந்தது

மின்சாரம் வருவதற்கு முன் எங்கள் வீட்டில் சிம்னி விளக்கு, அரிக்கேன், பெட்ரோமாக்ஸ் என்று மூன்று மண்ணெண்ணெய் விளக்குகளும் உண்டு. அன்றாடம் கைகொடுத்தது அரிக்கேன்தான். இன்றும் கரண்ட் போனால் அதைத்தான் தேடுகிறேன்.

“வெளிச்சம் மங்கல், கண்ணாடியெல்லாம் கரி” என்று குறை சொல்பவர்கள் பெரும்பாலும் திரியைக் கவனிப்பதில்லை. திரியின் நுனி ஏற்ற இறக்கமாக இருந்தால் சுடர் ஒரு பக்கம் கொம்பு மாதிரி எழும்பும். கரி அங்கிருந்துதான் வருகிறது. கருகிய நுனியை நேராகக் கத்தரித்து, இரண்டு மூலையையும் லேசாக வெட்டிவிட்டால் சுடர் சீராக நிற்கும். புதுத் திரி என்றால் மண்ணெண்ணெய் நுனிவரை ஊறிய பிறகே பற்ற வைக்க வேண்டும். இல்லாவிட்டால் எரிவது எண்ணெய் அல்ல, திரி! முதலில் தாழ்த்தி ஏற்றி, கண்ணாடி சூடான பிறகு கூட்டுங்கள். எண்ணெய் மிச்சம் என்று ரொம்பவும் தாழ்த்தி வைத்தால் சரியாக எரியாமல் வாடைதான் மிஞ்சும்.

இரண்டு பக்கமும் வளைந்து இறங்கும் குழாய்களைப் பலர் சட்டம் என்றே நினைக்கிறார்கள். சுடருக்குக் காற்று போவதே அவை வழியாகத்தான். 1860களின் கடைசியில் வந்த வகையில் எரிந்த சூடான காற்றும் கலந்து இறங்கும். 1870களில் வந்த அடுத்த வகையில் புதுக் காற்று மட்டுமே போகும், அதனால் வெளிச்சம் கூடுதல். குழாயில் பூச்சி கூடு கட்டினால் எந்த வகையானாலும் அழுது வடியும்.

சிம்னி விளக்கு லேசான காற்றுக்கே அணைந்துவிடும். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் ராஜா, சரி. ஆனால் ஸ்பிரிட் ஊற்றிச் சூடேற்று, பம்ப் அடி, மேண்டிலை (சூட்டில் ஒளிரும் வலைப் பையை) தட்டாமல் தூக்கு என்று ஆயிரம் உபசாரம். ஒருமுறை எரிந்த மேண்டில் வெறும் சாம்பல் வலைதான், சின்ன அதிர்ச்சியிலேயே உதிரும். போதாததற்கு அந்த இரைச்சல். விசேஷத்துக்குச் சரி, வீட்டுக்கு வேண்டாம்.

அரிக்கேனிலும் ஒரு குறை உண்டு: எண்ணெய்த் தொட்டியின் நிழல் அடியில் விழும். படிக்க வேண்டுமானால் தலைக்கு மேல் தொங்கவிடாமல், சற்றுத் தள்ளி உயரத்தில் வையுங்கள்.

தொட்டியை விளிம்புவரை நிரப்பாதீர்கள், சூட்டில் எண்ணெய் விரியும். எரியும்போது ஊற்றவே கூடாது. பெட்ரோல் ஒரு சொட்டும் கலக்கக் கூடாது. ஜன்னல் கொஞ்சம் திறந்திருக்கட்டும்.