கட் கேட் பாதையில் நான்கு குளிர்காலம்: எது தாங்கியது, எது தாங்கவில்லை

இங்கிலாந்தின் பீக் டிஸ்ட்ரிக்டில் லாங்செட்டிலிருந்து ஸ்லிப்பரி ஸ்டோன்ஸ் வரை மூர் நிலத்தை, அதாவது மரமில்லாத ஈர மேட்டுநிலத்தை, குறுக்கே கடந்து போகும் பழைய பாதைதான் கட் கேட். குதிரைகளுக்கான பாதை என்பதால் சைக்கிளுக்கும் அனுமதி உண்டு. 1968ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை அது. நடப்பவர்களுக்கும் குதிரைகளுக்கும் நாம்தான் வழிவிட வேண்டும். நண்பர்கள் இருவரோடு நான்கு குளிர்காலமாக இங்கே மவுண்டன் பைக் ஓட்டுகிறேன். அதே சைக்கிள், அதே பாதை. மாறியதெல்லாம் அதில் மாட்டியிருக்கும் பொருட்கள்தான்.

முதலில் பிரேக் பேட், அதாவது சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை இருபுறமும் அழுத்தி நிறுத்தும் தேய்மானக் கட்டை. இங்குள்ள பாறை கிரிட்ஸ்டோன், சொரசொரப்பான மணற்கல். அதன் மணல் பீட் (மக்கிய செடிகளால் ஆன கறுப்பு மண்) சேற்றோடு கலந்து டிஸ்க்கில் ஒட்டினால் உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பது போலத்தான். முதல் குளிர்காலத்தில் பிசினால் இறுக்கிய ரெசின் பேட் போட்டிருந்தேன். சத்தமில்லை, பிடியும் மென்மை. மழை நாள் ஒன்றில் கிரான்பெரி கிளஃப் இறக்கத்தில் லிவர் கைப்பிடி வரை வந்துவிட்டது. கீழே பாலத்தருகே சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் பேடில் ஒன்றுமே மிச்சமில்லை, இரும்புத் தகடு டிஸ்க்கைச் சுரண்டிக்கொண்டிருந்தது. காலையில் கிளம்பும்போது பாதிக்கு மேல் இருந்தது! நண்பனின் பையில் ஒரு ஜோடி இருந்ததால் தப்பித்தேன். அதன் பிறகு நவம்பர் முதல் மார்ச் வரை உலோகத்தூளை இறுக்கிச் செய்த சின்டர்டு பேட் மட்டும்தான். ஈரத்தில் கத்தும், ஆனால் ஒரு ஜோடி குளிர்காலம் முழுக்க வருகிறது.

நான் பேட் மாற்றிய அந்தப் பாலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பொதிக்குதிரைகள் போன காலத்துக் கல்பாலம். லேடிபவர் நீர்த்தேக்கத்தில் மூழ்கவிருந்த டெர்வென்ட் கிராமத்திலிருந்து கல் கல்லாகப் பிரித்து, 1959இல் இங்கே திரும்பக் கட்டினார்கள். ஒவ்வொரு முறையும் அதில் சாய்ந்து டீ குடிக்காமல் நாங்கள் திரும்புவதில்லை.

அடுத்தது நீர்புகா சாக்ஸ். நல்ல பொருள்தான், ஆனால் மேல்பக்கமாகத் தண்ணீர் நுழைந்துவிட்டால் வெளியே போகாது. முழங்கால் வரை சேற்றில் இறங்கிய ஒரு நாள், கழற்றிக் கவிழ்த்தபோது ஒரு டம்ளர் அளவுக்குப் பழுப்புத் தண்ணீர் கொட்டியது. இப்போது மழைப் பேன்ட்டின் கால் பகுதியை சாக்ஸுக்கு வெளியே இழுத்துவிட்டு, கீழே பட்டை போட்டு இறுக்குகிறேன். மூன்று வருடமாகப் பிரச்சினை இல்லை.

டயர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: டியூப்லெஸ் (உள்ளே டியூப் இல்லாதது), மேலே உள்ள ரப்பர் முடிச்சுகள் இடைவெளி விட்டு இருக்க வேண்டும், அழுத்தம் குறைவாக. முதுகில் மாட்டும் தண்ணீர்ப்பையின் குடிக்கும் குழாய் உறைந்துவிடும். ஒவ்வொரு முறை குடித்ததும் ஊதி நீரைப் பைக்குள் தள்ளிவிட்டால் போதும். டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், குளிரில் பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். அதனால் ஹெல்மெட் விளக்கின் பேட்டரியை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் விட முக்கியம், போகும் நாள். தொடர்ந்து சில நாள் நிலம் உறைந்த பிறகு கட் கேட் அற்புதமாக ஓடும்; டயருக்கடியில் பீட் நெறுநெறுவென்று இரும்பு போல இருக்கும். குளிர்காலத்தில் வெள்ளையாகிவிடும் மலை முயல்கள் பழுப்பு ஹெதர் புதர்களுக்கு நடுவே பளிச்சென்று தெரியும். உறையாத நாளில் சக்கரம் பீட்டை உழுதுவிடுகிறது. இந்தப் பாதையின் மோசமான பகுதிகளைச் சரிசெய்ய சைக்கிள்காரர்கள், குதிரைக்காரர்கள், மலையேறுபவர்கள் எல்லோரும் சேர்ந்து பணம் திரட்டினார்கள். அதைக் கிழித்துவிட்டுப் போக எங்களுக்கு மனசு வராது. போன ஜனவரியில் பாதையில் வரும் மிக்கில்டன் எட்ஜ் என்ற மேட்டு விளிம்பு தொடங்கும் முன்பே மண் இளகியிருந்ததைப் பார்த்து மூவரும் பேசாமல் திரும்பிவிட்டோம்.

கையுறைக்கு மட்டும் இன்னும் சரியான விடை கிடைக்கவில்லை. தடித்தது போட்டால் ஏற்றத்தில் வியர்க்கிறது, மெல்லியது போட்டால் 500 மீட்டருக்கு மேல் காற்றில் விரல் மரத்துப்போய் பிரேக் பிடிக்க முடிவதில்லை. இப்போதைக்கு இரண்டு ஜோடி: மெல்லியது கையில், தடித்தது ஜாக்கெட்டுக்குள் நெஞ்சோடு. உச்சியில் மாற்றும்போது அது கதகதப்பாக இருக்கிறது.