ரஸ்டும் பைத்தானும் பெயரில் மோதினால்: மேட்டுரின் எப்படி?

ரஸ்ட் என்ற நிரல்மொழியில் எழுதிய நிரலை, பைத்தான் என்ற இன்னொரு நிரல்மொழிக்கான தொகுப்பாக்கித் தரும் கருவி மேட்டுரின். வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு அது பிடித்துப்போனது பெயர்ச் சிக்கலை அது கையாளும் விதத்தால்தான்.

ரஸ்ட் தொகுப்பின் பெயரில் சிறுகோடு தாராளமாக வரலாம். தொகுப்பை நிரலுக்குள் அழைக்கும் பைத்தானின் இம்போர்ட் வரியிலோ அது கழித்தல் குறி, அடிக்கோடுதான் செல்லும். இதைவிடப் பொல்லாதது ஒன்று உண்டு. ரஸ்டையும் பைத்தானையும் இணைக்கும் நூலகமான பைஓ3-இல் மாட்யூல் என்று குறித்த செயற்கூறின் பெயரும், ரஸ்ட் திட்டத்தின் அமைப்புகளைச் சொல்லும் கார்கோ கோப்பில் உள்ள நூலகப் பெயரும் ஒத்துப்போக வேண்டும். ஓர் எழுத்து பிசகினாலும் கம்பைல் ஆகிவிடும். இம்போர்ட் செய்யும்போதுதான் பல்லிளிக்கும். மேட்டுரின், நிரலைக் கட்டும்போதே மாட்யூலைத் தொடங்கப் பைத்தான் தேடும், 'பைஇனிட்' என்று தொடங்கும் குறியீட்டைக் காணவில்லை என்று சொல்லிவிடுகிறது. ஆனால் எச்சரிப்பதோடு சரி, வேலையை நிறுத்துவதில்லை. நிறுத்தியிருக்கலாம், திரையில் ஓடும் எச்சரிக்கைகளை யார் படிக்கிறார்கள்?

பைத்தான் கோப்புகளும் கலந்த திட்டமா? மேட்டுரினின் மாட்யூல்-நேம் அமைப்பில், தொகுப்பின் பெயருக்குப் பின் புள்ளி வைத்து '_கோர்' என்று எழுதுங்கள். ரஸ்ட் பகுதி உள்ளே அடங்கிவிடும். ஒரே பெயருக்கு இரண்டும் சண்டையிடாது. ரஸ்ட் மாட்யூலின் பெயரையும் '_கோர்' என்றே மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் மறுபடியும் அதே எச்சரிக்கைதான்.