தண்டிக்கும் சட்டமா, ஈடு கேட்கும் சட்டமா: வீடு மறுக்கப்பட்டவருக்கு எது கைகொடுக்கும்?

காட்பாடியில் சாதி காரணமாக வாடகை வீடு மறுக்கப்பட்ட ஒருவருக்காக, காவல் நிலையத்தில் புகார் கொடுப்பதா, நஷ்டஈடு கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்புவதா என்று நான் முடிவெடுக்க வேண்டியிருந்தது. வேலூர் நீதிமன்றத்தில் தொழில் செய்யும் எனக்கு முதல் பாதை நன்கு பழக்கம். இருந்தும் கட்சிக்காரருடன் பேசியபின் இரண்டாவதையே தேர்ந்தேன். பாகுபாட்டைத் தடுக்கும் சட்டங்கள் அரசியலமைப்புக்கு முரணானவை என்ற வாதம் இந்த இரண்டு பாதைகளின்மேலும் ஒரே எடையில் விழுவதில்லை என்பதுதான் அந்தத் தேர்வின் அடிப்படை.

சாதி பார்ப்பது தவறு, இரு வகைச் சட்டங்களும் தேவை என்பவற்றை விளக்க வேண்டியதில்லை. 'அரசியலமைப்பு அரசைத்தானே கட்டுப்படுத்தும், தனி மனிதனை எப்படிக் கட்டுப்படுத்தும்' என்ற கேள்வியையும் விரைவாகக் கடந்துவிடலாம். அமெரிக்காவில் 1875ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டத்தை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1883இல் வீழ்த்தியது இந்தக் கேள்வியால்தான். 1964ஆம் ஆண்டுச் சட்டம் மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தைப் பற்றிக்கொண்டு பிழைத்தது. நம் அரசியலமைப்பிலோ தீண்டாமையை ஒழிக்கும் 17ஆம் உறுப்பும், கடை, உணவகம், கிணறு, குளம் ஆகியவற்றைப் பேசும் 15(2)ஆம் உறுப்பும் தனி மனிதரையும் நேரடியாகவே கட்டுப்படுத்துகின்றன.

முதலில் தண்டிக்கும் சட்டம். 1955இல் இயற்றப்பட்டு 1976இல் பெயர் மாற்றப்பட்ட குடியியல் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, தீண்டாமையின் பேரில் ஒருவரைக் குடியிருப்பில் வசிக்கவிடாமல் தடுப்பதையும் குற்றமாக்குகிறது. தண்டனை ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை. அபராதம் நூறு ரூபாய் முதல் ஐந்நூறு ரூபாய் வரை. அந்த ஐந்நூறும் அரசுக் கருவூலத்துக்குத்தான் போகும், வீடு தேடி அலைந்தவர் கைக்கு வராது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இதைவிடப் பலமானது. அதன் விதிகள் 2016இல் திருத்தப்பட்டபோது நிவாரணத் தொகை குற்றத்தைப் பொறுத்து 85,000 ரூபாய் முதல் 8,25,000 ரூபாய் வரை உயர்த்தப்பட்டது. தீர்ப்புக்குக் காத்திராமல் தவணை முறையில் முன்கூட்டியே அதில் ஒரு பகுதி கிடைக்கும். இது நான் தேர்ந்த பாதையில் இல்லாத வசதி என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் தண்டிக்கும் சட்டத்தின் மீதான ஆட்சேபம் தனிமனிதச் சுதந்திரத்தைப் பேசும் 21ஆம் உறுப்பிலிருந்து வருவது, அதனால் அது ஓய்வதேயில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் முன்ஜாமீனைத் தடுக்கும் 18ஆம் பிரிவு செல்லும் என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகும், 2018 மார்ச்சில் அதே நீதிமன்றம் கைதுக்கு முன் உயரதிகாரியின் அனுமதியும், தேவைப்பட்டால் டி.எஸ்.பி.யின் முதற்கட்ட விசாரணையும் வேண்டும் என்றது. நாடு தழுவிய போராட்டம் வெடித்தது. அந்த இரண்டும் தேவையில்லை என்னும் 18ஏ பிரிவை நாடாளுமன்றம் சேர்த்தது. 2019 அக்டோபரில் நீதிமன்றம் தன் கட்டளைகளைத் திரும்பப் பெற்றது. 2020 பிப்ரவரியில் 18ஏ செல்லும் என்றும், முகாந்திரமே இல்லாத புகாரில் முன்ஜாமீனுக்கு முழுத் தடை இல்லை என்றும் முடித்தது. சட்டம் பிழைத்தது உண்மைதான். எனினும் சிறை என்ற சொல் இருக்கும்வரை ஒவ்வொரு பிரிவையும் குறுக்கிப் படிக்கும்படி எதிர்த்தரப்பு கேட்கும், நீதிமன்றமும் பல நேரம் இசையும். நான்கு சுவருக்குள், வெளியார் எவரும் இல்லாத இடத்தில் பேசிய சாதி வசவு அந்தச் சட்டத்தின் கீழ் குற்றமாகாது என்ற 2020 நவம்பர் தீர்ப்பு அப்படி வந்ததே.

என் முடிவைத் தீர்மானித்தது, எதை, யார், எந்த அளவுக்கு நிரூபிக்க வேண்டும் என்ற ஒன்றுதான். வீட்டு மறுப்பு தெருவில் கூட்டம் பார்க்க நடப்பதில்லை. என் கட்சிக்காரருக்குப் புரோக்கர் அனுப்பிய குரல் பதிவு, "ஓனர் நீங்க என்ன ஆளுங்கன்னு கேக்குறாரு" என்றது. பதில் போன மறுநாள், "அவங்க சொந்தக்காரங்களே குடி வர்றாங்களாம்" என்ற செய்தியுடன் அட்வான்ஸ் ஜிபேயில் திரும்பி வந்தது. 'டு-லெட்' அட்டை மட்டும் அதன் பிறகும் கேட்டிலேயே தொங்கியது. இதை வைத்துக் குற்றவியல் நீதிமன்றத்தில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க முயன்றால், வழக்கு முழுவதும் புரோக்கர் என்ற ஒற்றைச் சாட்சியின் தோளில் நிற்கும். அவர் பிழைப்பே வீட்டு உரிமையாளர்களை நம்பியது. பிறழ்சாட்சியாக மாறுவதற்கு அவருக்கு எல்லாக் காரணமும் உண்டு. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராக இருந்தால் செயல் தீண்டாமையின் பேரில் நடந்ததென்று அனுமானிக்கச் சொல்லும், குடியியல் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு நல்ல ஏற்பாடுதான். ஆனால் மறுப்பு நடந்தது என்பதை முதலில் நிலைநாட்டினால்தான் அந்த அனுமானமே பிறக்கும். 'உறவினர் வருவதாக இருந்தது, பிறகு வரவில்லை' என்ற ஒரு வரி விளக்கம் சந்தேகத்தின் பலனை எதிரிக்கு வாங்கிக் கொடுத்துவிடும். உரிமையியல் வழக்கிலோ எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதே அளவுகோல். அங்கே கேட்டில் தொங்கிய அட்டைக்கு உரிமையாளர்தான் கூண்டேறிப் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலைத் தயாரிக்க விரும்பாததால்தானோ என்னவோ, பதில் நோட்டீஸில் எல்லாவற்றையும் மறுத்தவர் பிறகு சமரசத்துக்கு இறங்கி ஒரு தொகை கொடுத்தார். அந்த வீடு கிடைக்கவில்லை.

ஈடு கேட்கும் பாதைக்கு இங்கே முழுமையான சட்டம் இல்லை என்பது பெரிய குறை. இஸ்லாமியரின் நிலையை ஆராய்ந்த சச்சார் குழு 2006இல் சம வாய்ப்பு ஆணையம் வேண்டும் என்றது. 2017இல் காங்கிரஸ் எம்.பி. சசி தரூர் மக்களவையில் கொண்டுவந்த பாகுபாட்டுத் தடைத் தனிநபர் மசோதா சட்டமாகவில்லை. மதத்தின் பேரில் வீடு மறுக்கப்படும் இஸ்லாமியருக்கு மேற்சொன்ன இரண்டு குற்றவியல் சட்டங்களுமே பொருந்தா. முன்மாதிரியாகக் கையில் இருப்பது 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம். 1986இல் நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளை வெளிக்காட்டிய சோதனை நடந்த ஊர் வேலூர் என்பதால் இதைச் சொல்வதில் எனக்கு ஒரு தனி ஈடுபாடு. வாடகைக்கு வீடு மறுப்பதைத் தனியாருக்கும் தடைசெய்யும் அச்சட்டம், மறுத்தவரை உடனே சிறைக்கு அனுப்பாமல் குறைதீர்ப்பாளர் முன் நிறுத்துகிறது. அவர் உத்தரவை மீறினால் பத்தாயிரம் ரூபாய் வரையும், மீறல் தொடர்ந்தால் நாள் ஒன்றுக்கு ஐயாயிரம் ரூபாய் வரையும் அபராதம். அவர் முன் நான் வழக்கு நடத்தியதில்லை. நடைமுறையில் எத்தனை வேகம் என்பதற்கு என் அனுபவம் சாட்சியாகாது.

இத்தகைய சட்டத்துக்கு வரக்கூடிய ஆட்சேபம் வேறு வகை: 'என் வீடு, என் இஷ்டம்.' சொத்துரிமை 1978ஆம் ஆண்டின் 44ஆம் திருத்தத்தோடு அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து வெளியேறிவிட்டது. வாடகைக்கு விடுவது தொழில் என்று வாதிட்டால் பொது நலனுக்கான நியாயமான கட்டுப்பாட்டை அரசியலமைப்பின் 19(6)ஆம் உறுப்பு அனுமதிக்கிறது. உரிமையாளர் குடியிருக்கும் வீட்டின் ஓர் அறைக்கு மட்டும் விலக்குத் தந்தால் அந்தரங்க உரிமை வாதமும் பெரிதும் அடங்கும். இப்படி ஆட்சேபத்துக்கான பதிலைச் சட்டத்துக்குள்ளேயே எழுதிவிடலாம். தண்டிக்கும் சட்டத்தில் அந்த வசதி குறைவு.

சங்கம், கிளப், கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் என்று வரும்போது மட்டும் எனக்குத் தயக்கம் உண்டு. பார்சிகளுக்கு மட்டும் உறுப்பினர் தகுதி என்ற ஒரு சங்கத்தின் துணைவிதியை 2005இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. தடுக்கும் சட்டம் இல்லை என்பதும் அதற்கு ஒரு காரணம். சட்டம் வந்தாலும், சங்கம் அமைக்கும் உரிமையைக் கட்டுப்படுத்தும் 19(4)இல் 'பொது நலன்' என்ற காரணமே இல்லை; பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி போன்றவைதான் உண்டு. அந்த இடைவெளியை நீதிமன்றம் எப்படி நிரப்பும் என்று நான் பந்தயம் கட்டமாட்டேன்.

அடி, மிரட்டல், ஊரார் முன் வசவு என்றால் தயக்கமின்றி வன்கொடுமைத் தடுப்புச் சட்டம்தான். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே பாதை மறுக்கப்பட்டு ஒரு தலித்தின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கிய கொடுமையில், உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. அதுபோன்ற இடத்தில் எவரையும் நஷ்டஈட்டு நோட்டீஸ் அனுப்பச் சொல்லமாட்டேன். வீடு, வேலை, விடுதி மறுப்பு என்று வருபவர்களிடம் முதலில் கேட்பது, கைப்பேசியில் உள்ளதை அழிக்காமல் வைத்திருக்கிறார்களா என்பதைத்தான். புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் இணைத்தால் புரோக்கரின் குரல் பதிவு எந்த நீதிமன்றத்திலும் சாட்சியமாகும்.