மரம் அறுக்குற மிஷின் சர்வீஸ்னு குடுத்து 18,600 ரூபா போச்சு, தயவுசெஞ்சு முழுசா படிங்க

நேத்து சாயந்தரம் தஞ்சாவூர்ல ஒரு வயசான மெக்கானிக் அண்ணன் என் செயின்சாவ பிரிச்சு சாக்குல பரப்பி ஒன்னொன்னா காட்டுனாரு, அதுலேர்ந்து எனக்கு சோறு எறங்கல, ராத்திரி கண்ண மூடல. 18,600 ரூபா. மரம் அறுத்து பொழைக்கிறவன் வீட்ல அது எவ்ளோ பெரிய காசுன்னு தெரிஞ்சவங்களுக்கு தெரியும். கடை பேர எழுத மாட்டேன், கம்ப்ளைன்ட் குடுத்திருக்கேன், அது முடியுறதுக்கு முன்னாடி பேர போட்டா நமக்கே வம்பாயிரும்னு தெரிஞ்ச வக்கீல் தம்பி சொல்லிட்டாரு. பஸ் ஸ்டாண்டுலேர்ந்து கொஞ்சம் தள்ளி, மருந்தடிக்கிற ஸ்பிரேயர், புல்லு வெட்டுற மிஷின், செயின்சா எல்லாம் வித்துகிட்டு சர்வீசும் பண்ற கடை, அவ்ளோதான் சொல்லுவேன். நீங்களும் டூ ஸ்ட்ரோக் மிஷின், அதான் பெட்ரோல்ல ஆயில் கலந்து ஓட்டுற மிஷின், எதாவது வச்சிருந்தா படிங்க, சர்வீசுக்கு குடுக்குறப்ப என்னென்ன பாக்கணும்னு கடைசில பத்து பாயிண்டா எழுதுறேன்.

நான் பேராவூரணி பக்கம். 2018 நவம்பர் 16 விடியக்காலம் கஜா புயல் அடிச்சு முடிச்சப்ப எங்க தோப்புல நின்னது பதினோரு தென்ன, மிச்சமெல்லாம் படுத்துருச்சு. ரோட்ட மறிச்சு கெடக்குற மரத்த அறுக்கக்கூட ஆளு கெடைக்கல, அரிவாளையும் ரம்பத்தையும் வச்சிகிட்டு நாள் கணக்கா மல்லுக்கட்டுனோம். அப்பதான் வட்டிக்கு வாங்கி ஒரு 50 சிசி மிஷின் எடுத்தேன். அந்த மிஷின்தான் எங்கள தூக்கி விட்டுச்சு, ஊர்ல பாதி தோப்ப நானும் மச்சானும்தான் துண்டு போட்டு அகத்துனோம், அப்பறம் அதுவே தொழிலாயிருச்சு, ஆலங்குடி வரைக்கும் தைல மரம், சவுக்குன்னு வேலைக்கு போயிருக்கோம்.

மிஷின புள்ள மாதிரி பாத்துகிட்டேன்னு சும்மா சொல்லல. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் ஆயில்), அஞ்சு லிட்டர் கேனுக்கு 100 மில்லி, சிரிஞ்சுல அளந்துதான் ஊத்துவேன், கண்ணளவுக்கே வேல இல்ல. வேல முடிஞ்சா ஏர் பில்டர தட்டி, பிரஷ் போட்டு, செயின் சுத்தி ஓடுற நீள இரும்பு பட்டை, அதான் பார், அதோட தண்டவாளத்துல அடைச்சிருக்குற தூள நோண்டி எடுத்துட்டுதான் சாப்புடவே உக்காருவேன். ஒருதடவ டெம்போலேர்ந்து விழுந்து, சிலிண்டர சுத்தி தகடு தகடா இருக்கும்ல, காத்து பட்டு சூடு தணியுறதுக்கு, அதுல ஒரு தகடு முக்கோணமா ஒடஞ்சிருச்சு. வேற ஒன்னும் ஆகல. இந்த ஒடஞ்ச தகட ஞாபகம் வச்சிக்கோங்க.

போன மாசம் தம் கொறைய ஆரம்பிச்சுது. ஸ்டார்ட் ஆகும், ஐடில் நிக்கும், மரத்துல வச்சா மட்டும் மூச்சு முட்டுற மாதிரி அமுங்கும். எனக்கு தெரிஞ்சதெல்லாம் பாத்துட்டு, நம்மளா நோண்டி கெடுத்துற கூடாதுன்னு அந்த கடைக்கு எடுத்துட்டுப் போனேன்.

அங்க நடந்தத நெனச்சாதான் ஆத்திரம் ஆத்திரமா வருது. உள்ள போனதும் "நீங்க பெரியவர் மவன்தானே, உங்கப்பா எங்க தாத்தாவுக்கு கீத்து குடுத்தவருண்ணே"ன்னு கைய புடிச்சான். எங்கப்பா போயி நாலு வருசம் ஆச்சு, அவர ஒருத்தன் மரியாதையா சொன்னா மனசு எளகாம என்ன செய்யும். ஸ்டூல் போட்டு உக்கார வச்சி டீ வாங்கி குடுத்து, மிஷின ஸ்டார்ட் பண்ணி காத வச்சி கேட்டான். "சவுண்டே சொல்லுதுண்ணே, போர் தேஞ்சு போச்சு, இப்புடியே ஓட்டுனா ஒரு மாசம் தாங்காது"ன்னான். போருன்னா சிலிண்டருக்குள்ள பிஸ்டன் ஓடுற துவாரம். நான் பயந்துட்டேன். அப்பறம் போன எடுத்து ஒரு வீடியோ, ஒருத்தன் பெரிய புளியமரத்து அடிய வெண்ண மாதிரி அறுக்குறான். "இதுவும் உங்க மிஷின்தாண்ணே, நான்தான் மாத்தி குடுத்தேன். இதே சிலிண்டர போரிங் பண்ணி பெரிய பிஸ்டன் போட்டு 62 சிசி ஆக்கி, சைலன்சர தொறந்து விட்டு, கார்ப்ரேட்டர செட் பண்ணி குடுத்துர்றேன், புது மிஷின் வாங்குனா முப்பதாயிரத்துக்கு மேல ஆவும், 12,800ல முடிச்சி தர்றேன்." பைக்குக்கெல்லாம் போரிங் போடுறத, அதான் அந்த துவாரத்த கடைஞ்சு பெருசாக்குறத, நான் பாத்திருக்கேன்ல, அதனால எனக்கு சந்தேகமே வரல. கூடவே 22 இஞ்ச் பாரும் செயினும் 2,300. ஜிபேல அனுப்புனேன், கடை நம்பர் வேணாம் வேற நம்பருக்கு போடுங்கன்னான், போட்டேன். ஒரு துண்டு சீட்டுல பென்சில்ல தொகைய எழுதி குடுத்தான். பில்லு கேக்கணும்னு தோணல, அப்பா பேர சொன்னவன்ட்ட எப்புடி கேக்குறது.

அஞ்சு நாள் கழிச்சு மிஷின குடுக்குறப்ப கல்லாவுக்கு மேல இருந்த சாமி படத்துலேர்ந்து விபூதி எடுத்து டேங்க் மேல பூசி, "நல்லா ஓடும் போங்கண்ணே"ன்னு குடுத்தான். விபூதி பூசி குடுத்தான்யா.

மொத நாளு பறந்துச்சு. முறுக்குனா விசிலடிக்கிற மாதிரி கத்துச்சு, நல்ல தம்முன்னு நானும் மச்சானும் சந்தோசப்பட்டோம். ரெண்டாவது நாளு பதினோரு மணிக்கு அறுத்துகிட்டே இருக்கும்போது கத்தல் இன்னும் ஏறி, பொசுக்குன்னு நின்னுச்சு, கயித்த இழுத்தா வரவே மாட்டேங்குது. பிஸ்டன் சீஸ், அதாவது சிலிண்டருக்குள்ளயே இறுகிப்போச்சு. போன் பண்ணா எடுக்கல. எட்டு தடவ பண்ணிட்டு நேர்ல போனா, அதே ஆளு, இப்ப டீயும் இல்ல ஸ்டூலும் இல்ல. "ஆயில் கம்மியா ஊத்திருக்கீங்க." நான் சிரிஞ்சுல அளந்து ஊத்துறவன்யா. இந்த இன்ஜின்ல கீழ தனியா ஆயில் சம்ப் கெடையாது, பெட்ரோலோட கலந்து போற ஆயில்தான் பேரிங்கு, பிஸ்டன், ரிங்கு எல்லாத்துக்கும் உயிருன்னு தெரிஞ்சுதானே இத்தன வருசம் ஓட்டுனேன், அப்பல்லாம் வராத சீஸ் உன் கைப்பட்ட ரெண்டாவது நாளு எப்புடி வரும்னு கேட்டா, அடுத்தது "இப்ப வர்றது ஈ20 பெட்ரோல், நாங்க என்ன பண்றது." ஈ20ன்னா 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் பிரச்சன உண்மைதான், நான் மறுக்கல. தண்ணிய இழுக்கும், ரப்பர் ட்யூப கெடுக்கும், நெறைய மிஷின் மேனுவல்ல 10 சதவீதம் வரைக்கும்தான்னு போட்டிருக்கு, அதனாலதான் நான் நாலஞ்சு நாள் வேல இல்லன்னா டேங்க காலி பண்ணி, கார்ப்ரேட்டர் காயுற வரைக்கும் ஓட விட்டு வைக்கிறேன். ஆனா எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு கார்ப்ரேட்டர்ல பெட்ரோல் அளவு வைக்கிற ஸ்க்ரூவ இன்னும் கொஞ்சம் தொறந்துதான் வைக்கணும், இவன் என்ன செஞ்சிருந்தான்னு கீழ சொல்றேன்.

கடைசில "சரிண்ணே உங்களுக்காக பாக்குறேன், ரிங்கு மட்டும் மாத்தணும், 3,500 குடுங்க"ன்னான். வேல தலைக்கு மேல நின்னுச்சு, ஒத்துகிட்ட தோப்புக்காரரு தெனம் கூப்புடுறாரு, குடுத்துட்டேன். 12,800, 2,300, 3,500. மொத்தம் 18,600. மிஷின் கைக்கு வர ஒம்போது நாளு ஆச்சு, தெனமும் "நாளைக்கு", "பையன் லீவு", "பார்ட் கோயமுத்தூர்லேர்ந்து வரணும்".

வந்த அன்னைக்குதான் அந்த சம்பவம். மச்சான் தைல மரத்த துண்டு போடும்போது பாரோட மூக்கு, மேல் பக்கம், உள்ள கெடந்த இன்னொரு கட்டையில பட்டுருச்சு. கிக் பேக். மிஷின் அப்புடியே மூஞ்சிய பாத்து எகிறுது. அவன் கை முன்னாடி இருக்குற பிரேக் கைப்புடியில இடிச்சிச்சு, அது சாஞ்சுச்சு, செயின் நிக்கல. நிக்கவே இல்ல. நொடிக்கு இருவது மீட்டர் வேகத்துல ஓடுற செயின்ங்க அது. தல ஒரு பக்கமா சாஞ்சதால தோள்ல கெடந்த துண்டையும் சட்டையையும் கிழிச்சு தோல சீவிட்டு போச்சு, நாலு தையல். ஒரு சாண் தள்ளிருந்தா கழுத்து. என் தங்கச்சி முகத்துல நான் எப்புடி முழிச்சிருப்பேன்.

அதுக்கப்பறம் அந்த கடைக்கு மிஷின கொண்டு போற எண்ணமே வரல, விசாரிச்சு தஞ்சாவூருக்கு எடுத்துட்டுப் போனேன். அந்த அண்ணன் சைடு கவர கழட்டுனதும் "பிரேக் பட்டி எங்க?"ன்னாரு. கிளட்ச் ட்ரம்ம சுத்தி ஒரு இரும்பு பட்டி இருக்கணும், அதுதான் இறுக்கி செயின நிறுத்தும். இல்ல. வெறும் கைப்புடி மட்டும் ஆடுது. பட்டி தேஞ்சிருந்தா புதுசு போடணும், கழட்டி வீசிட்டு கவர மாட்டி குடுத்திருக்கான். அடுத்து சைலன்சர், கிரைண்டர வச்சி ஓட்ட போட்டு, நெருப்புப்பொறி வெளிய வராம தடுக்குற சல்லடைய புடுங்கிருக்கான். காஞ்ச சருகு கெடக்குற தைலத் தோப்புல நாங்க இத ஓட்டிருக்கோம். சைலன்சர தொறந்தா காத்து கூட போகும், அதுக்கு தகுந்த மாதிரி கார்ப்ரேட்டர்ல எச்சுன்னு போட்டிருக்குற ஸ்க்ரூவ தொறந்து பெட்ரோல கூட்டணும். இவன் கத்தல் சத்தம் வரணும்னு அத உள்ள முறுக்கி வச்சிருக்கான். பெட்ரோல் கொறஞ்சா கூடவே ஆயிலும் கொறையுது, சூடு ஏறுது, சைலன்சர் பக்கம் பிஸ்டன் உருகி கோடு விழுந்துருக்கு. சரியா செட் பண்ண மிஷின் சும்மா புல்லா முறுக்குனா லேசா கொரகொரன்னு இருக்குமாம், மரத்துல வச்சதும்தான் சத்தம் தெளியுமாம். நாங்க சந்தோசப்பட்ட அந்த விசில் சத்தம் பிஸ்டன் சாவுற சத்தம்.

அப்பறம்தான் சிலிண்டர். நான் பாத்ததும் தெரிஞ்சிருச்சு. தகடு எல்லாம் முழுசா இருக்கு. ஒடஞ்ச தகடு இல்ல. என் சிலிண்டர் இல்ல அது. "செயின்சா சிலிண்டர எவனும் போரிங் பண்ண முடியாது தம்பி, அலுமினியத்து மேல மெலிசா ஒரு கெட்டி பூச்சுதான் இருக்கு, அத சொரண்டுனா சிலிண்டரே காலி, பைக்குல இருக்குற வார்ப்பிரும்பு வேற இது வேற"ன்னாரு. வெர்னியர் வச்சி அளந்தாரு, போர் 45 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக், அதான் பிஸ்டன் மேலயும் கீழயும் ஓடுற தூரம், 32. போர்ல பாதிய அதே பாதியால பெருக்கி, 3.14 போட்டு, 32ஆல பெருக்கி, ஆயிரத்தால வகுத்தா 50.9 சிசி. 62 வரணும்னா போர் 49.7 இருக்கணும். அதாவது என் ஒரிஜினல எடுத்துகிட்டு அதே அளவுல ஒரு மட்டமான டூப்ளிகேட்ட மாட்டி 62ன்னு சொல்லிருக்கான், அதுல பூச்சு இப்பவே திட்டுதிட்டா உரியுது. 50 சிசிக்கு 22 இஞ்ச் பாரு வேற, செயினுக்கு ஆயில் விடுற பம்பு அவ்ளோ நீளத்துக்கு எட்டாம செயின் நீலம் பாரிச்சு கெடக்கு.

மொதல்ல தம் ஏன் கொறஞ்சிச்சு தெரியுமா? அவரு யோசிச்சு சொன்னாரு, நீ சொல்ற மாதிரி இருந்தா சைலன்சர்ல அந்த சல்லட கரி புடிச்சு அடைச்சிருக்கும், கழட்டி பிரஷ் போட்டு மாட்டிருந்தா முடிஞ்சிருக்கும், இருநூறு ரூபா வேலன்னு. இருநூறு ரூபா வேலைக்கு 18,600.

இன்னைக்கு காலைல கடைக்கு போனேன். பழைய சிலிண்டர குடுன்னேன். "ஸ்க்ராப்ல போட்டாச்சு." பிரேக் பட்டி? "அது இல்லாமதான் வந்துச்சு." காசு? "சீட்டுல கடை பேரு இருக்கா?" இல்ல. அவன் குடுத்த சீட்டு அது. நாலு கஸ்டமர் முன்னாடி "பெரியவங்க மரியாதைய காப்பாத்திக்கோங்க"ன்னு சொல்றான். நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் பண்ணி கம்ப்ளைன்ட் பதிஞ்சிருக்கேன், ஜிபே மெசேஜும் போட்டோவும் பத்திரமா வச்சிருக்கேன்.

பத்து பாயிண்ட் எழுதுறேன்னேன், முடியல, தல வெடிக்கிது. இத மட்டும் வச்சிக்கோங்க. சிலிண்டர், பிஸ்டன், சீரியல் நம்பர் எல்லாத்தையும் குடுக்குறதுக்கு முன்னாடி போட்டோ எடுங்க. மாத்துன பழைய பார்ட்ட கையில வாங்காம காசு குடுக்காதீங்க. போர் போச்சுன்னு எவனாவது சொன்னா, சைலன்சர கழட்டுனா அந்த ஓட்ட வழியா பிஸ்டன் தெரியும், கண்ணால காட்டச் சொல்லுங்க. மிஷின வாங்குன உடனே கட்டையில வச்சு பிரேக்க தட்டி செயின் நிக்குதான்னு பாருங்க, நிக்கலன்னா மரத்துக்கிட்டயே போகாதீங்க. சல்லடைய எடுக்க விடாதீங்க. ஜிஎஸ்டி பில்லு.

இன்னொன்னு. பட்டுக்கோட்ட, பேராவூரணி, அறந்தாங்கி பக்கம் யாராவது சமீபத்துல செகண்ட்ஸ் சிலிண்டர் வாங்கிருந்தா, இல்ல உங்க மிஷின்ல மாட்டி குடுத்துருந்தா, கொஞ்சம் பாருங்க. ஸ்டார்ட் கயிறு இருக்குற பக்கம், மேலேர்ந்து மூனாவது தகடு, முக்கோணமா ஒடஞ்சிருக்கும். அது என்னோடது. மெசேஜ் பண்ணுங்க.