ஒட்டுசுட்டானிலிருந்து பார்த்தால் எந்த டயாலிசிஸ் மலிவு?

சிறுநீரகம் முற்றாகச் செயலிழந்து, மாற்றுச் சிறுநீரகமும் கிடைக்காதவருக்கு டயாலிசிஸில் இரண்டு வழி. ஒன்று ஆஸ்பத்திரி மெஷினில் குருதியைச் சுத்திகரிப்பது. மற்றது வயிற்றில் குழாய் வைத்து, வீட்டிலேயே நாளுக்கு நாலு தரம் திரவம் மாற்றுவது. எது மலிவு என்று சொல்லும் ஆய்வுகள் பல நாடுகளில் வந்திருக்கின்றன. இலங்கையின் வடக்கில், வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய் இவ்வளவு இருக்கையில், அவற்றின் முடிவை மட்டும் வாசித்துவிட்டு விட ஏலாது.

நான் முதலில் தேடுவது, செலவை யாருடைய பையிலிருந்து எண்ணினார்கள் என்பதை. சுகாதாரத் துறையின் பக்கம் நின்று எழுதிய ஆய்வில் மெஷின், தாதியர் சம்பளம், ஒரு தடவைக்கு ஏறத்தாழ 120 லீற்றர் சுத்திகரித்த நீர் எல்லாம் வரும். முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டானுக்கு உள்ளே இருக்கிற வயற்காரரின் செலவு வராது. மெஷினுக்காக ஆஸ்பத்திரிக்குக் கிழமைக்கு இரண்டு தரம் போனாலே ஆண்டுக்கு 104 பயணம். விடியமுன் பஸ், நாலு மணித்தியாலம் கட்டில், திரும்பும்போது தலைசுற்றல். தனியே விட ஏலாது. மகனோ மனைவியோ கூடப் போகவேணும். இரண்டு பேருக்குமாக 208 நாள் உழைப்புப் போகிறது. இலவச வைத்தியம்தான், ஆனால் அந்த வீட்டுக்கு இலவசமில்லை. குடும்பத்தின் இழப்பையும் சேர்த்து எண்ணும் ஆய்வையே நான் நம்புவேன்.

அதற்காக வீட்டுவழி மலிவு என்று உடனே சொல்லவும் மாட்டேன். 2 லீற்றர் பை நாளுக்கு நாலு என்றால் மாதம் 240 லீற்றர். மாரி வெள்ளத்தில் ஒழுங்கைக்குள் யார் கொண்டுவந்து இறக்குவது? தகரக் கூரையின் கீழ் வெக்கை படாமல் எங்கே அடுக்குவது? கை கழுவ நல்ல தண்ணியும் தூசியில்லாத மூலையும் வேணும். தவறினால் வயிற்றறையில் கிருமித் தொற்று. பிறகு அதே ஆஸ்பத்திரி. நகரத்து நோயாளரின் தொற்று வீதத்தை வைத்துக் கணக்குப் பார்த்து, அது இரட்டித்தால் முடிவு மாறுமா என்று சோதிக்காத கட்டுரையை ஒதுக்கிவிடலாம்.

தாய்லாந்து ஆய்வுகளையும் அப்படியே இங்கே கொண்டுவர ஏலாது; சம்பளமும் திரவத்தின் விலையும் வேறு. 2008 இல் வயிற்றுவழிக்கு முதலிடம் கொடுத்த அந்த நாடே, 2022 இல் நோயாளருடன் பேசித் தெரிவுசெய்யும் முறைக்கு மாறியது.

வவுனியா நகருக்கு அருகில் இருப்பவருக்கு மெஷின் என்பேன். நகரிலிருந்து தள்ளி உள்ளே இருக்கும் ஊரில், துப்பரவான அறையும் கை நடுங்காத ஒரு துணையும் இருந்தால் வீட்டுவழி. பைகளை வாசலில் இறக்கும் செலவை அரசு ஏற்கவேணும்.