புதுச்சேரி சண்டே மார்க்கெட்டில் வாங்கிய தோசைக்கல்: எட்டு மாதத்துக்குப் பிறகு

முன்பு வாங்கிய நான்ஸ்டிக் தவா பதினாலே மாதத்தில் உரிய ஆரம்பித்தது. வாங்கிய கடையில் கேட்டால், "கரண்டி போட்டுச் சுரண்டியிருப்பீங்க" என்று வாரண்டி அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கே முடிவு செய்தேன், இனி இரும்புதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலூரில் பஸ் ஏறி முள்ளோடை, கன்னியக்கோயில், அரியாங்குப்பம் தாண்டிப் புதுச்சேரி போய் இறங்கினேன். காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் சட்டை, செருப்பு, பழைய புத்தகம் என்று எல்லாம் தரையில்தான் பரப்பியிருக்கும். பாத்திரக்காரம்மா ஒருவர் வார்ப்பிரும்புக் கல்லை அடுக்கி வைத்திருந்தார். 850 சொன்னார், 650க்குக் கொடுத்தார். விரலால் தட்டிப் பார்க்கச் சொன்னார். மணி மாதிரி கணீரென்று கேட்டால் விரிசல் இல்லையாம். கட்டைப்பையோடு பஸ்ஸில் நின்றுகொண்டே திரும்பியதில் தோள்பட்டை இரண்டு நாள் வலித்தது. எடை மூன்று கிலோவுக்கு மேல்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அத்தை, "அப்பர் கல்லோட மிதந்து வந்து கரையேறின ஊரும்மா இது. நீ கல்லைத் தூக்கிக்கிட்டு பஸ்ஸுல வர்றே" என்றார். எங்கள் வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில். அத்தைக்கு எதற்கும் அப்பரைத் துணைக்கு அழைத்தாக வேண்டும்.

பழக்குவதுதான் பெரிய வேலை. கடைக்காரம்மா மூன்று நாள் அரிசி கழுவிய தண்ணீரில் ஊற வைக்கச் சொன்னார். வைத்தேன். அது ஐப்பசி மழை. இரண்டாம் நாளே செம்மண் நிறத்தில் துரு ஏறிவிட்டது. அத்தை ஒன்றும் பேசாமல் வாங்கித் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினார். அடுப்பில் வைத்து ஈரம் போகக் காய்ச்சி, நல்லெண்ணெய் தடவி, பாதி வெங்காயத்தைக் குத்திச் சிறுதீயில் தேய்த்துக்கொண்டே இருந்தார். ஒரு வாரம், தினம் ஒரு தடவை. எண்ணெய் சூட்டில் இறுகி இரும்போடு ஒட்டி, மெல்லிய கறுப்புத் தோல் மாதிரி ஆனது. முதல் நாள் தோசை புட்டாகத்தான் வந்தது. பத்தாம் நாள் ஓரம் தானாகத் தூக்கிக்கொண்டு எழுந்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். நடுவில் லேசான பள்ளம், எண்ணெய் அங்கேயே தேங்குகிறது. காய ஐந்து நிமிடம் ஆகும். காய்ந்துவிட்டால் தீயைக் குறைத்தாலும் சூடு இறங்காது, கடைசித் தோசை வரை அதே முறுகல். பிடியும் சேர்ந்து சுடும், துணி இல்லாமல் தொட முடியாது. மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்கு இது வேண்டாம்.

மீன் வறுக்கத் தனிக் கல் வைத்துக்கொள்ளுங்கள். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14ஆம் தேதியோடு முடிந்த அடுத்த வாரம், என் மகன் ஆசையாகச் சங்கரா மீனை எலுமிச்சை பிழிந்து இதிலேயே வறுத்தான். புளிப்பு பட்டுக் கறுப்புத் தோல் திட்டுத் திட்டாகப் போய்விட்டது. மறுநாள் தோசையில் மீன் வாசம் வேறு. திரும்பவும் வெங்காயம், நல்லெண்ணெய், ஒரு வாரம்.

அப்புறம், சூடான கல்லில் பச்சைத் தண்ணீரைக் கொட்டாதீர்கள். வார்ப்பிரும்பு வளையாது, விரிசல் விட்டுவிடும். இது நான் படித்துத் தெரிந்துகொண்டதில்லை. அத்தையின் பழைய கல் அவர் கல்யாணச் சீராக வந்தது. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் அடித்துப் போன பிறகு எங்கள் தெருவில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. கிரைண்டர் ஓடாமல், கோதுமை மாவைக் கரைத்து அந்தக் கல்லில்தான் பக்கத்து மூன்று வீட்டுக்கும் சேர்த்து ஊற்றினார். அதை மறு வருடம் பொங்கல் வேலை அவசரத்தில், அடுப்பிலிருந்து நேரே குழாயடிக்குக் கொண்டு போனவள் நான். டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அத்தை அன்றைக்கும் திட்டவில்லை.

இப்போது இரவுத் தோசை முடிந்ததும் புதுக் கல்லை இறக்கி மேடை மூலையில் ஆற வைக்க மகனைத்தான் கூப்பிடுகிறார். நான் பக்கத்திலேயே நின்றாலும் என்னைக் கூப்பிடுவதில்லை.